கவ்வாத்து மலை

ஹேவாஹெட்ட காட்டுத்தீக்கு ஒருவரைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்று ஸ்ரீதரன் சேர் சந்தோஷமாகத்தான் வந்து சொன்னார். நம்முடைய வரைபடம் நல்லாக உதவியிருக்கிறது என்றார்.

பிடிபட்டவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற தோட்டத் தொழிலாளியாம். தீப்பிடித்த அன்று தேயிலைக்குள் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாராம்.

யார் என்று கேட்கச் சுபாஜினிக்கு வாய் வரவில்லை. செய்மதிப் படம் பார்த்து எரிந்த நிலத்தைக் குறித்துக் கொடுத்தவள் அவள்தான்.

மேசையில் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா. காலையிலிருந்து விடாமல் அழைக்கிறாள். சுபாஜினி அதைக் கவிழ்த்து வைத்தாள். தோட்டத்துப் பேச்சு ஆபீசில் யார் காதிலும் விழக்கூடாது என்பது அவள் கண்டிக்கு வந்த நாளிலிருந்து தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். இன்று எடுக்காததற்கு அது மட்டும் காரணமில்லை. பயமாக இருந்தது.

வரைபடத்தைத் திறந்தாள்.

தீக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். முன்பு பச்சையாக இருந்து பின்பு பச்சை போன இடத்தையெல்லாம் கணினி சிவப்பாக்கிவிடும். மேலே புல்மலை முழுக்கச் சிவப்பு. அது சரி. கீழே தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், தேயிலைக்குள் இன்னொரு சிவப்புத் துண்டு. தீ அங்கிருந்துதான் ஏறியது என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

அந்தத் துண்டின் ஓரங்கள் ரோட்டையும் தண்ணீர்க் கானையும் ஒட்டி நேராக ஓடின. நெருப்பு அப்படிக் கரை பார்த்து நிற்காது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் மலை அப்படி மொட்டையாகும். வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை விறகுக்குச் சுமந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமலா போகும்?

போன வாரமே தெரிந்தது. இந்த ஓரம் என்ன இவ்வளவு நேராக இருக்கிறது என்று சேர் அப்போதே கேட்டார். கண்டி டவுனில் மஹய்யாவப் பிள்ளை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் சுபாஜினி, தெரியாது சேர் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையால் ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்து போய்ச் சொன்னாள். அது எரிந்த இடமில்லை, கவ்வாத்து வெட்டிய மலை, தோட்டத்தில் விசாரித்தால் தெரியும் என்றாள்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீர் டவுன் பிள்ளையெல்லோ. உமக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?"

எங்கோ வாசித்தேன் என்றாள். அப்போதுகூட அதுதான் வாயில் வந்தது.

சேர் நல்ல மனிதர். அவள் முன்னாலேயே தோட்டத்துக்கும் பொலிசுக்கும் பேசி, திருத்திய வரைபடத்தை அனுப்பிவைத்தார். பின்னேரம் தொலைபேசி மறுபடி அதிர்ந்தபோது சுபாஜினி படிக்கட்டுக்குப் போய் எடுத்தாள்.

அழுது அழுது அம்மாவுக்குக் குரல் கட்டியிருந்தது.

"அப்பாவ விட்டுட்டாங்க பாப்பா. கண்டியில யாரோ படிச்சவங்க படத்த பாத்து, அது எரிஞ்ச மல இல்ல, கவ்வாத்து மலனு சொன்னாங்களாம். அந்தப் புண்ணியவான் யாருனு ஒனக்குத் தெரியுமா?"

சுபாஜினி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெரியாதும்மா என்றாள்.