மானிய மீன்குஞ்சு

ஏரிக்கரையில் ஷாமியானா படபடக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர் பழுப்பாகக் கிடக்கிறது. கரையோரத்தில் வெள்ளை நுரை வெயிலில் நடுங்குகிறது. அரசு மானியத்தில் வந்த மீன்குஞ்சுப் பையின் முடிச்சை அதிகாரி அவிழ்க்கிறார். உள்ளே, தெளிந்த தண்ணீரில், குஞ்சுகள் ஊசி ஊசியாக மின்னுகின்றன. "கொஞ்சம் சிரிங்க சார்" என்கிறார் ஆம்பூரிலிருந்து வந்த போட்டோக்காரர். சிரித்தபடியே அதிகாரி பையைக் கவிழ்க்கிறார். கைதட்டல் கேட்கிறது. இந்த ஏரி மீனை விற்றே பிழைத்த சலோமி மட்டும் காலி அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தண்ணீரையே பார்க்கிறாள். குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி மேலே வருகின்றன, சுழல்கின்றன, வெள்ளை வயிறு தெரிய ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கின்றன. அதிகாரியின் விரலில் ஏரித் தண்ணீர் தெறித்துவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவுகிறார், முகர்ந்து பார்க்கிறார், மறுபடியும் கழுவுகிறார். பிறகு அடுத்த பைக்குக் கை நீட்டுகிறார். அன்னக்கூடை கல்லில் விழுந்து அலறுகிறது. சலோமி அந்தப் பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். பிளாஸ்டிக்குக்குள் குஞ்சுகள் துள்ளுகின்றன.

"ஒரு சொட்டு பட்டதுக்கே இந்தக் கழுவு கழுவுறியே சார்! இதுங்க இன்னா பண்ணும்?"