மஞ்சள் துணி

"எவனோ நம்ம கார் பேட்டரிய கழட்டிட்டுப் போயிட்டான்! கையில மட்டும் கெடைக்கட்டும், வெரல ஒடிச்சிடுறேன்!" என்று மனைவியிடம் குதித்தார், அணுமின் நிலையக் கேன்டீன் சமையல்காரர். காரைத் துடைக்கும் மஞ்சள் துணியைக்கூட யாரையும் தொட விடாதவர் அவர்.

சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து இப்போதுதான் அவர் கண்ணில் பட்ட மனைவி, கிரீஸ் படிந்த கைகளை நீட்டினாள்.

"ஒடிங்க."

"நீயா?"

அவள் அதே அணுமின் நிலையத்தில் இன்ஜினியர்.

"கரண்ட் போயி மீட்டரெல்லாம் செத்துப்போச்சுங்க. அணு உலைக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னே தெரியல. நம்ம பேட்டரிய மீட்டருக்கு மாட்டித்தான் பாத்தோம். அடிமட்டத்துக்கு எறங்கியிருந்துச்சு. ஒடனே தீயணைப்பு வண்டிய வச்சு தண்ணி ஏத்தினோம், தப்பிச்சோம்."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?"

"நீங்களா?"

அவர் மஞ்சள் துணியை எடுத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.