வேலியோரத்துக் குழி

"வேலியோரம் குடுக்கதுக்கு எனக்குச் சம்மதமில்ல" என்றார் சாமித்துரை வாத்தியார்.

சர்ச் வராந்தாவில் கூடியிருந்த கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்பார்த்ததுதான்.

செத்துப்போயிருந்தது வேலுத்தாய். நாகலாபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு நடக்கும் பெந்தெகொஸ்தே சபைக்காரி. காலையிலேயே ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று. புதைக்கத்தான் இடமில்லை. தகரக் கொட்டகைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவளானவளுக்கு ஊர்ச் சுடுகாட்டில் என்ன வேலை என்று சொந்தக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் மகள் முத்துச்செல்வி, மழையில் நனைந்தபடி சர்ச் கேட்டருகே நின்றாள்.

சர்ச் விதிப்படி அதன் கல்லறைத் தோட்டம் சொந்தச் சபையாருக்கு மட்டும்தான். ஆனாலும் செயலாளர் லிங்கராஜ் மனசு இளகி ஒரு வழி சொன்னார். வேலியோரம் பள்ளத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. யாரும் கேட்காத இடம். அதைக் கொடுத்துவிடலாம் என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வாத்தியார் ஒருவர்தான் மறுத்தார்.

ஏன் மறுக்கிறார் என்று ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ஜெபக்கனி இறந்த அன்று, பெட்டியை மூடப்போகிற நேரத்தில் வேலுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"முழுக்கு எடுக்காமப் போயிட்டியே மதினி. நியாயத்தீர்ப்பு நாள்ல எந்தப் பக்கம் நிப்பியோ" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

துக்க வீட்டில் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கே நாலு பேர் அவளை வெளியே தள்ளப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பும் அவள் சும்மா இருந்தவளில்லை. பக்கவாதம் வந்து ஜெபக்கனி படுத்துக் கிடந்த பதினோரு மாசமும், பைபிள் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். படுத்துக் கிடப்பவளைக்கூட விடாமல் தன் சபைக்கு இழுக்கிறாளே என்று தெருவே முகம் சுளித்தது.

வாத்தியாரும் அவளும் போட்ட சண்டை முக்கு டீக்கடை வரை கேட்கும். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்றுதான் ஆண்டவர் கடைசி நாளில் கேட்பார் என்பது வாத்தியார் கட்சி. நாம் செய்கிற நன்மையெல்லாம் அழுக்குக் கந்தை, விசுவாசித்து, தண்ணீரில் முங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவனுக்குத்தான் மோட்சம் என்பது அவள் கட்சி. இரண்டு பேருமே ஒரு அங்குலம் இறங்கி வந்ததில்லை.

லிங்கராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசி நாளில் ஆண்டவர் இரக்கம் காட்டினவர்களைச் செம்மறியாடுகளாக வலப்பக்கமும், காட்டாதவர்களை வெள்ளாடுகளாக நரகத்துக்குப் போகிற இடப்பக்கமும் பிரிக்கிற கதையை முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே என்று கேட்டார்.

"செத்தவகிட்டயா அண்ணாச்சி வன்மம்?"

வாத்தியார் பதில் சொல்வதற்குள் முத்துச்செல்வி படியருகே வந்துவிட்டாள்.

"எங்கம்மை அன்னைக்குப் பேசுனது தப்புதான்யா. அவளுக்குப் பதிலா நான் மன்னிப்பு கேக்கேன். வேலியோரம் போதும். தண்ணி கெடந்தாலும் பரவாயில்ல."

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

"கரிசல் மண்ணு தாயி. இந்த மழைக்கு அந்தப் பள்ளத்துல குழி வெட்ட வெட்டச் சரியும். பெட்டி தண்ணியில மிதக்கும். உங்கம்மைய அதுலயா போடச் சொல்லுத?"

சட்டைப் பையிலிருந்து சபை முத்திரை போட்ட பழைய சீட்டு ஒன்றை எடுத்து லிங்கராஜிடம் நீட்டினார். மேட்டில், தண்ணீர் தேங்காத சரள் மண்ணில், ஜெபக்கனியின் கல்லறையை ஒட்டி அவருக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தின் சீட்டு. அதன் பின்பக்கம், வேலுத்தாய்க்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஒதுக்கின இடத்தை அதற்குரியவர் யாருக்கு விட்டுக்கொடுத்தாலும் கமிட்டி தடுக்க முடியாது. அதுவும் விதிதான்.

லிங்கராஜ் இரண்டு தடவை படித்தார். அப்புறம் உங்களுக்கு எங்கே இடம் என்று கேட்டார்.

"வேலியோரந்தான். மழைக்காலத்துல சாகாமப் பாத்துக்கிடுதேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு பேச்சு பேசினவளுக்கா என்று லிங்கராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பேசத்தான் செஞ்சா. அந்தப் பையில பைபிள் மட்டுமா இருந்துச்சு? சோப்பும் பழைய சேலைத் துணியும் இருந்துச்சு. பதினோரு மாசமா ஜெபக்கனியக் குளிப்பாட்டி, பீத்துணி அலசிப் போட்டது இவதான். வெளிய சொன்னா வரமாட்டேன்னுட்டா, அதான் நானும் வாயத் தெறக்கல."

முத்துச்செல்விக்கே அது புதுச் செய்தி. அவள் தினமும் ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவள். படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"துணி அலசுத நேரமெல்லாம் முழுக்கு எடு, முழுக்கு எடுன்னு அவகிட்ட ஒரே சண்டை. இவளும் மசியல, அவளும் மசியல. அன்னைக்குப் பெட்டிகிட்ட நின்னு பேசுனது ஏச்சு இல்ல லிங்கராஜு. எங்க ஜெபக்கனி மோட்சத்துக்கு வராமக் கைவிட்டுப் போயிருவாளோங்கிற பயம்."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. குழி வெட்டுகிறவர்களைக் கூப்பிட ஒருவர் எழுந்து போனார். வாத்தியார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி நாள்ல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல எந்திரிக்கட்டும். ஆண்டவர் ஒருத்திய இடப்பக்கம் போகச் சொன்னா, இன்னொருத்தி விடமாட்டா."