வேன் ஆக்சலா, லோரி ஆக்சலா

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு பெர்னார்ட் சேற்றில் மல்லாந்து படுத்து, இரும்புக் குவியலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பி ரஃபேலுக்காக இந்தப் பாடு.

"இப்படி ஒரு மாமா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் தம்பி," என்றார் பரஞ்சோதி. செமிலிங்கில் பழைய வண்டிகளை அறுத்து உதிரி பாகம் விற்கும் கடை அவருடையது.

"அதான்ணே. மாமாவைக் கேக்காம நான் ஒரு நட்டுகூட வாங்குறதில்ல," என்றான் ரஃபேல்.

ரஃபேலுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாள்களில் ஒரு பழைய மோரிஸ் மைனர் காரைக் கால் மைல் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். அதன் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் கோர்க்கும் நேர் ஆக்சல் போட வேண்டும். அவன் வசதிக்கு இரண்டுதான் தேறின. ஒன்று பழைய வேனுடையது, மற்றது மூன்று டன் லோரியுடையது. விலை ஒன்றுதான்.

பீடோங்கில் பதினெட்டு வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்தும் பெர்னார்டுக்கு விடை உடனே தெரிந்துவிட்டது. லோரி ஆக்சல் கறுப்புப் பெயிண்ட் மினுங்க அழகாக இருந்தது. வேனுடையது துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் சக்கரம் மாட்டும் இடத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், வேனுடையது இம்மிகூட ஆடவில்லை. உள்ளே இருக்கும் கிங்பின் ஆணி தேயவில்லை என்று அர்த்தம். முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தார், வளைவும் இல்லை. அகலம் மோரிஸின் மட்கார்டுக்குள் அடங்கும். எடையோ லோரியுடையதில் பாதி.

எடைதான் முக்கியம். கார் சீறிக் கிளம்பும்போது பாரம் பின்னால் சாய வேண்டும். அப்போதுதான் பின் டயர் தரையைக் கவ்வும். முன்னால் கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் பாரம் பின்னால் போகாது. பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட பெர்னார்ட் வெளியே சொல்லவில்லை.

"லோரிதுதான்லா உனக்கு," என்று எழுந்து சட்டையைத் தட்டினார். "வேன்துல துருவப் பாரு. ஸ்டார்ட்ல ஒரு உதை உதைச்சா ரெண்டா போயிடும். லோரிது நல்ல கனம். முன்னால கனம் இருந்தாத்தான் மூக்கு தூக்காம நேரா போவும்."

"அப்ப வேன்து வேணவே வேணாமா மாமா?"

"சும்மா குடுத்தாலும் தொடாத."

மூன்று வருடமாக அதே பந்தயத்தில் பழைய கார் பிரிவுக் கோப்பை பெர்னார்டுடையது. மூன்றையும் மனைவி எலைன் துணி அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்ததோடு சரி. தம்பியின் மோரிஸுக்கு இன்னும் சக்கரம்கூட மாட்டவில்லை. அதற்குள் அதன் படம் ஏழு முறை அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு இதயம். பெர்னார்ட் எண்ணி வைத்திருந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஆயில் மாற்ற வருகிறவர்கள்கூட, "மச்சான் கார் எப்பண்ணே ஓடும்?" என்றுதான் கேட்டார்கள். இந்த வருடக் கோப்பை அவனுக்குப் போய்விட்டால் பீடோங்கில் தன் பெயர் 'ரஃபேலோட மாமா' என்று ஆகிவிடும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கைப்பேசி அடித்தது. எலைன்தான்.

"முடிஞ்சிருச்சா? எதை வேணாம்னு சொன்னீங்க?"

"வேன்து. ஒரே துரு."

"சரி சரி. போனைத் தம்பிக்கிட்ட குடுங்க."

ரஃபேல் வாங்கி, இரண்டு முறை "ம்" சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தான். "நீங்க கெளம்புங்க மாமா. கூட்டாளி வண்டி வருது, நான் ஏத்திக்கிறேன்."

பீடோங் போய்ச் சேரும்வரை பெர்னார்ட் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

மறு சனிக்கிழமை, லோரி ஆக்சல் மோரிஸுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் அழகைக் கண்ணாரப் பார்க்க ரஃபேலின் வீட்டுக்குப் போனார். கொட்டகைக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டார். துரு சுரண்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்த வேன் ஆக்சல், கச்சிதமாக மட்கார்டுக்குள் உட்கார்ந்திருந்தது. பானெட் திறந்திருந்தது. உள்ளே, போன மாதம் அவர் "எண்ணெய் குடிக்கும், வேணாம்" என்று தள்ளிய எஞ்சின்.

"என்னடா இது? நான் ஒன்னு சொன்னா நீ ஒன்னு வாங்கியிருக்க."

"கோவிச்சுக்காதீங்க மாமா." ரஃபேல் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சல் எல்லாமே நீங்க காட்டிக் குடுத்ததுதான். நீங்க இல்லன்னா எனக்கு எது நல்லது எது கெட்டதுன்னே தெரிஞ்சிருக்காது."

"நான் எங்கடா காட்டினேன்? இது எல்லாத்தையும் வேணாம்னுதான சொன்னேன்?"

ரஃபேல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா எதைத் திட்டுறாரோ அதை வாங்குடான்னு அக்காதான் சொன்னிச்சு."