வரிசையில் நின்ற தாள்

மாடியில் பிரிண்டர் உறுமியது. ஒக்னியன் கையிலிருந்த சுட்ட குடைமிளகாயை அப்படியே சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்தான்.

“ரலிட்சா, அப்பா கம்ப்யூட்டரைப் போட்டுட்டாரு.”

முற்றத்து அடுப்பருகே மிளகாய்த் தோல் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. “அன்னைக்கே அதை அழின்னு சொன்னேனா இல்லையா?” என்றாள்.

பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே ஓடித் தன் கம்ப்யூட்டரின் முன் குனிந்தான். பிரிண்டருக்காகக் காத்திருந்த அந்த ஒரே ஒரு தாளைத் தேர்ந்து ‘நீக்கு’ என்பதை அழுத்தினான். ‘நீக்கப்படுகிறது’ என்று சொல்லிவிட்டு அது அசையாமல் நின்றது. மிளகாய்ச் சாறு ஒட்டிய விரலால் மறுபடியும் அழுத்திப் பார்த்தான். பிறகு படிகளில் தாவி ஏறினான்.

அப்பா உயிரோடு இருப்பதுதான் இப்போது சிக்கல்.

வீட்டுக்கு ஒரே பிரிண்டர். அது மாடியில், அப்பா ஸ்தாமெனின் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. கீழே இருந்து ஒக்னியன் கட்டளை கொடுத்தால் மேலே தாள் வரும். அப்பாவின் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் வராது. வரிசையில் காத்து நிற்கும்.

போன மாதம் ஸ்தாமென் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்த போதெல்லாம் கதவையே பார்த்தார். ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகள் நேவெனா வரவில்லையா என்று கேட்டார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஒக்னியன்தான் சொன்னான். அம்மாவின் நாற்பதாம் நாள் சடங்கில் மூண்ட சண்டையிலிருந்தே அண்ணன் தங்கைக்குள் அவ்வளவாகப் பேச்சு இல்லை.

எதற்கும் தயாராக இருங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, ஒக்னியன் உட்கார்ந்து இரங்கல் தாளைத் தயார் செய்தான். உயிர் போன கையோடு வாசல் கதவிலும் தெருக் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டியாக வேண்டுமே. கறுப்புக் கரை, சிலுவை, அப்பா மீன் பிடித்தபோது எடுத்த படம், கீழே துயருறும் குடும்பத்தாரின் பெயர்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டான். பிரிண்ட் கொடுத்தான், வரவில்லை.

மறுநாள் அப்பா சூப் கேட்டார். வந்த சந்தோஷத்தில் அந்தத் தாளை ஒக்னியன் மறந்துபோனான். வரிசை மறக்கவில்லை.

நேற்றுதான் அவர் வீடு திரும்பியிருந்தார்.

மூச்சு வாங்க உள்ளே நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அப்பா ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்திருந்தார். கறுப்புக் கரை இங்கிருந்தே தெரிந்தது.

“வாடா. என் கண்ணாடியைப் பார்த்தியா?”

காது மடலெல்லாம் சுட்டது ஒக்னியனுக்கு. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கும் வரை காத்திருக்கத் தெம்பில்லை. டாக்டர் சொன்னது, கண்ணீரோடு அடித்தது என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே கொட்டினான்.

“மன்னிச்சிருங்கப்பா. உயிரோட இருக்கிற உங்களை நானே சாகடிச்சுட்டேன்.”

அப்பா தாளை அவன் பக்கம் திருப்பினார்.

“அட மடையா, இது நான் அடிச்சதுடா.”

ஒக்னியன் தலை தூக்கிப் பார்த்தான். படத்தில் மீன் இல்லை. கோட்டும் டையுமாக, தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு அப்பா.

விழுந்ததற்கு முந்தின நாளே நெஞ்சு கனத்ததாம். பிள்ளைகளுக்கு எதற்கு அலைச்சல் என்று தானே அடித்து வைத்தாராம். பிழைத்து வந்த பிறகு, தாளில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.

“எப்படியும் நீ அந்த மீன் படத்தைத்தான் போடுவே. அதான் முந்திக்கிட்டேன்” என்றார்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனாலும் ஒக்னியன் அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். கீழே மிளகாய் ஆறிவிடும், வெள்ளைப் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிடலாம், வாங்க என்றான்.

பிரிண்டர் மறுபடி உறுமியது.

“இரு, உன்னதும் வருது. பார்த்துட்டுப் போவோம்.”

“வேண்டாம்பா. குப்பையில போட வேண்டியது.”

“என் சாவை நான் பார்க்கக் கூடாதா?”

ஒக்னியன் கை நீட்டினான். ஒரு மாதம் படுத்துக் கிடந்தவரின் கை அதற்குள் அங்கே போயிருந்தது.

தாள் மெல்ல மெல்ல வந்தது. சிலுவை. பெயர். மீன் படத்தைக் கண்டதும் அப்பா கண் சிமிட்டினார். தேதிக்கு விட்ட இடத்தைத் தட்டிக்காட்டி, அவசரத்திலும் நிதானமாகத்தான் இருந்திருக்கிறாய் என்றார்.

மேஜை மேல் காகிதங்களுக்கு அடியில் கண்ணாடி அகப்பட்டது. மாட்டிக்கொண்டு, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் விரல் தன் தாளின் அடிவரியில் இருந்த பெயர்கள் மேல் ஊர்ந்தது. பிறகு மகனுடைய தாளின் அடிவரிக்குத் தாண்டியது. அங்கேயே நின்றுவிட்டது.

ஒக்னியன் தன் நகத்தில் ஒட்டியிருந்த மிளகாய்த் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“சாகக் கிடந்தது நான்தானே. நேவெனா எப்படா செத்தா?”