விறகு விலை

“எந்தப் படுபாவி அவனை வீட்டுக்குள்ள விட்டது? நான் இன்னும் சாகலை. முட்டியைத்தான் மாத்தியிருக்கு!”

படுக்கையறையிலிருந்து கதவுக்காரர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

இடிக்கிற வீடுகளில் பழைய கதவு, ஜன்னல்களை வாங்கி விற்கிறவர் அவர். தள்ளுவண்டியில் ஆரம்பித்து, இன்று சொந்தக் கிடங்கு. எதையும் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டதே இல்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணிடமே, “பத்து தடவை மடக்கணுமா? ரெண்டுக்கு முடிச்சுக்கலாம்மா” என்று பேரம் பேசிய மனுஷன்.

வீட்டுக்கு வந்த அன்று குளியலறை வாசலில் ஒரு தடுமாற்றம். விழவில்லை, மருமகள் பிடித்துவிட்டாள். ஆனால் நடை அன்றோடு சரி. அவசரத்துக்குப் போக ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் கட்டில். பிடித்து நடக்கத் தந்த வாக்கர் கட்டிலோரம் சும்மா நின்றது.

“இப்போ நடக்காம விட்டா முட்டி இறுகிடும். அப்புறம் கிடங்குப் பக்கமே போக முடியாது” என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினால், “வலி உனக்கா, எனக்கா?” என்று எகிறுவார். வலி இல்லை, பயம். அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

இப்போது கூடத்தில் யாரோ ஒருவன். எத்தனையோ பேர் கேட்டும் விற்காமல், சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறாரே ஒரு தேக்குக் கதவு, அதற்கு விலை பேச வந்திருக்கிறான்.

“எடுத்துட்டுப் போங்க சார். இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. மாமாவா? அவரு எங்க எழுந்து வரப்போறாரு!” மருமகளின் குரல்.

கதவுக்காரரின் மனைவி மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏம்மா, உனக்கு ஈவிரக்கமே கிடையாதா? அவர் காதுல விழப்போகுது.”

“விழட்டும் அத்தை. நீங்க விலையைச் சொல்லுங்க சார்.”

“இதுக்கு என்னம்மா... விறகு விலைதான் போகும்.”

அவ்வளவுதான். உள்ளே வாக்கர் தரையில் டொக்கு டொக்கென்று இடித்தது.

“எவன்டா அது, விறகுன்னு சொன்னது?”

அறை வாசலில் கதவுக்காரர். முகமெல்லாம் வியர்வை.

“நான்தான் ஐயா. பழசுதானே?”

“பழசா? உங்க அப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி வெட்டின மரம்டா! ஒரு பூச்சி வாய் வச்சிருக்கா பாரு!” பேசிக்கொண்டே கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார்.

“சரி, கோவிச்சுக்காதீங்க. விறகுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன்.”

கதவுக்காரர் வாக்கரைத் திருப்பினார். அறையைப் பார்த்து நடந்தார். அவருடைய பழைய வித்தை அது. விலை படியாவிட்டால் நடையைக் கட்ட வேண்டும், அவனாகக் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது.

“ஐயா, ஐயா! இன்னும் கொஞ்சம் ஏத்தறேன். வாங்க!”

வந்தார். ஏற்றினான். போதவில்லை. மறுபடி நடந்தார். மறுபடி கூப்பிட்டான்.

மருமகள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே போனாள், வந்தாள். வேடிக்கை பார்க்கிறாளா இவள் என்று அத்தைக்காரி பல்லைக் கடித்தாள்.

“உட்கார்ந்தே பேசலாமே ஐயா. அப்படியே மெதுவா... காலைக் கொஞ்சம் உள்ள இழுத்து...” என்றான் வந்தவன்.

உட்கார்ந்தார். முட்டி விண்ணென்று தெறித்தது. அந்த வலிக்கும் சேர்த்து அவனையே திட்டினார்.

பேரம் படியவில்லை. “நாளைக்கு வரேன் ஐயா” என்று அவன் கிளம்ப, வாசல்வரை விரட்டிக்கொண்டே போய்விட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார் கதவுக்காரர்.

அத்தை, மருமகளைச் சமையலறைக்குள் இழுத்தாள். “நீயெல்லாம் ஒரு பொண்ணா? எழுந்திருக்க முடியாத மனுஷனைப் போய் இப்படி அங்கயும் இங்கயும் நடக்க விட்டு...”

பேச்சைப் பாதியில் விட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“...நடந்தாரு இல்ல?”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “வந்தவர் உடற்பயிற்சி சொல்லித்தர்ற பிசியோ, அத்தை. பயிற்சின்னு சொன்னா மாமா பேரம் பேசுவாரு. அதான் பேரம் பேசவே ஆளை வரவழைச்சேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“என்கிட்ட என்னத்தைப் புதுசா சொல்றது?” கூடத்திலிருந்து குரல் வந்தது. “வாங்க வந்தவன் கதவை ஒரு தட்டாவது தட்டிப் பார்ப்பான். இவன் என் முட்டியையே பார்த்துக்கிட்டு விலை சொல்றான். ரெண்டாவது தடவை கூப்பிட்டப்பவே தெரிஞ்சுபோச்சு.”

மருமகள் வெளியே ஓடி வந்தாள். “தெரிஞ்சுமா மாமா நடந்தீங்க?”

கதவுக்காரர் அவளைப் பார்க்காமல் வாக்கரின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நாற்காலியோட நீ பின்னாலயே வர்ற சத்தம் கேட்டுது. சரி, விழமாட்டோம்னு தோணிச்சு.”

அடுத்த நொடியே பழைய குரல் திரும்பிவிட்டது.

“அதெல்லாம் இருக்கட்டும்! அந்த ஆளுக்கு போனைப் போடு. நாளைக்கு ஒழுங்கா வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, மரியாதையா ஒரு விலை சொல்லணும். என் தேக்கை விறகுன்னு சொன்ன அதே வாயால நியாயமான விலை வர்ற வரைக்கும் நான் நடக்கிறதை நிறுத்தப் போறதில்லை. சொல்லிடு அவன்கிட்ட!”