கீழே வைத்த காப்பி

காதலித்து, வீட்டுக்குத் தெரியாமல் ஜோர்டான் எல்லைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நானும் சர்மத்தும், கார் சூடாறும்வரை ஹீத் ஊரில் அபூ ஷலால் என்ற பெரியவர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறோம். வாசலுக்கு வெளியே யூப்ரடீஸ் நதி வெயிலில் கண்ணைக் குத்துகிறது. நீர்ச்சக்கரம் முனகிக்கொண்டே சுற்றுகிறது. எந்த ஹாரன் கேட்டாலும் என் அண்ணனுடைய கார்தானோ என்று வாசலை எட்டிப் பார்க்கிறேன். கசக்கிறதென்று சர்மத், பெரியவர் கொடுத்த காப்பிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிடுகிறான். பாக்தாத்காரனுக்கு என்ன தெரியும்? இங்கே விருந்தாளி குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ கேட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். தஸ்பீஹ் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அபூ ஷலாலின் விரல்கள் நின்றுபோகின்றன. "என்ன வேணும், கேளு மகனே. நான் குடுத்தப்புறம் குடி." பாலத்தில் ஒரு ஹாரன். இந்த முறை அண்ணனுடையதேதான். "அடைக்கலம்," என்கிறேன் நான். "எங்கண்ணன் வந்துட்டான். ரெண்டு பேரையும் கொன்னுடுவான்." வாசலில் கார்க் கதவு அறைபடுகிறது. அபூ ஷலால் எழுந்துபோய் நிலைப்படியில் குறுக்கே நிற்கிறார். திரும்பாமலே சர்மத்திடம் சொல்கிறார்: "இப்பக் குடி."